பச்சை மையில் மூன்று கோடுகள்

நவம்பர் 14, 2018. கார்ல்ஸ்டாட்

காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து பெய்தன. வடக்குச் சாலைகள் அனைத்துக்கும் வழுக்கல் எச்சரிக்கை அனுப்பிவிட்டு நான்கு மணிக்கே வீடு திரும்பினேன். ஐந்து மணிக்கு ஹோகன் முன்னறிவிப்பின்றி வந்து நின்றான். கையில் பாதாம் பசை போர்த்திய பச்சை கேக். இன்று எங்களில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

நாற்பது நிமிடங்கள் இருந்தான். நாற்பது நிமிடங்களும் எல்க் மான் வேட்டையைப் பற்றியே பேசினான். "கொம்புல பன்னெண்டு முனைடா, எண்ணிப் பார்த்தேன். நான் குறி வைக்கறேன், பின்னால அண்டர்ஷ் இருமறான். மான் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு பாரு, பாவம்டா நீன்னு சொல்ற மாதிரி!" என் மனைவி லிஸ்பெத் சிரித்தாள். நானும் சிரித்தேன். போகும்போது வாசலில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். பிறகு "சரிடா... பார்ப்போம்" என்றான்.

ராலி கார்ப் பந்தயங்களில் அவன் ஓட்ட, நான் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து, அடுத்து வரும் வளைவுகளைச் சொல்லும் வழிக்குறிப்பை வாசிக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எதையோ சொல்ல வந்தவன் சொல்லாமல் போகிறான் என்பதுகூடவா எனக்குத் தெரியாது?

நவம்பர் 19

தெரிந்துவிட்டது. அணி மேலாளரிடமிருந்து பதினொரு வரிக் கடிதம். வரும் பருவத்திலிருந்து ஹோகன் பிரென்வாலுக்கு வழிக்குறிப்பு வாசிக்கப்போவது மெல்கர் என்ற இருபத்தேழு வயது இளைஞன். என் "ஒப்பற்ற பங்களிப்புக்கு" நன்றி. காரணம் என்று எதுவும் இல்லை. கடிதத்தில் பருவம் தொடங்கும் தேதி தவறாக இருந்தது. பச்சை மையில் அதைத் திருத்திக் கோப்பில் வைத்தேன்.

கடிதம் நவம்பர் 12இல் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, கேக்கோடு வந்தபோது அவனுக்குத் தெரியும்.

நவம்பர் 20

தலைக்கவசத்தைத் திருப்பி அனுப்பினேன். துடைத்து.

டிசம்பர் 8

லிஸ்பெத் கேட்டாள்: "ஒரு தடவை அவனைக் கூப்பிட்டுக் கத்திடுங்களேன். வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்ச மாதிரி இருக்கு."

கத்துவது ஒரு கோரிக்கை. என்னிடம் கோரிக்கை எதுவும் இல்லை.

ஜனவரி 27, 2019

குளிர்காலத் தொடரின் இரண்டாம் ராலி முடிந்தது. ஹோகன் வென்றான். கணினித் திரையில் நேரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவன் தன் பழைய வீட்டின் முன் காரை மெதுவாக ஓட்டிப் போவதுபோல.

இந்த மனிதன் யார் என்பதை ஒருமுறை நேர்மையாக எழுதி வைக்கிறேன். ஹாக்ஃபோர்ஷில் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவரின் மகன். பதினெட்டு வயதில் தந்தையின் பழைய வோல்வோவைக் காட்டுப்பாதையில் கவிழ்த்தான். தானே நிமிர்த்தினான். மறுவாரம் அதே காரில் போட்டியில் கலந்துகொண்டு மூன்றாவதாக வந்தான். 1999இல், உப்சாலாவில் வானிலையியல் படித்து முடித்துவிட்டு எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வாழ்ந்துகொண்டிருந்த என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். வேல்ஸ் சேறு, போர்ச்சுகல் புழுதி, பின்லாந்தில் கார் தரையைவிட்டு எழும்பும் மேடுகள். எட்டு ஆண்டுகள் வெளிநாடுகளில் ஓட்டினோம். 2007இல் அவன் இடுப்பெலும்பும் என் இரண்டு விலா எலும்புகளும் ஒரே மரத்தில் உடைந்தன. உலகப் பட்டம் ஒருபோதும் கிடைக்கவில்லை. அதற்கு மிக அருகில் ஒரே ஒரு முறை போனோம். அதன்பின் சொந்த நாடு, சொந்தப் பனி. இப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று. இந்தக் குளிர்காலப் பட்டத்தை வென்றால் கார் நிறுவனம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் தரும். தோற்றால் அவனுக்கென்று வேறு வண்டி இல்லை.

அவனுடைய வழிக்குறிப்பு முறை நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. அந்தப் புத்தகம் இப்போது மெல்கரின் மடியில் இருக்கிறது.

பிப்ரவரி 18

மெல்கர் தொலைபேசியில் அழைத்தான். குரலில் மரியாதை மிகையாக இருந்தது.

"ஸ்டாஃபன், நான் பேசறது உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். பெர்ட்டில் விழுந்துட்டாரு. இடுப்பு போச்சு."

பெர்ட்டில் அவர்களுக்கு ஐஸ் பார்ப்பவர். போட்டிக் கார்கள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, சாதாரண வண்டியில் அதே பாதையில் போய், எந்த வளைவில் எவ்வளவு ஐஸ் என்று வழிக்குறிப்பின் மேல் கோடுகளால் குறித்துத் தருபவர். நாற்பது குளிர்காலம் காட்டில் வழுக்காதவர், செய்தித்தாள் எடுக்கப் போய்த் தன் வீட்டு முற்றத்தில் விழுந்திருக்கிறார்.

"உங்க கோட்டு முறை வேற யாருக்கும் தெரியாது," என்றான் மெல்கர். "ஹோகன் கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"ஹோகனுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. வேண்டாம்னு சொல்லல."

பிப்ரவரி 20

ஒப்புக்கொண்டேன். மறுத்தால் என் கோபம் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால். இது நல்ல காரணம் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

வண்டி ஓட்டப்போவது குன்வோர். அறுபத்தொரு வயது, தன் காலத்தில் ராலி ஓட்டி ஆண்களையெல்லாம் பனிச்சுவருக்குள் அனுப்பியவள். அழைத்துச் சொன்னேன்.

"நீயா? அவனுக்கா?" என்றாள். பிறகு நீண்ட நேரம் சிரித்தாள். "யப்பா, கத்தியைக் கொண்டுபோய்ச் சரியான கையில கொடுக்கறாங்க!"

"இதில் சிரிக்க ஒன்றுமில்லை."

"அதான்யா சிரிக்கறேன்."

மார்ச் 7. டோர்ஷ்பி

கடைசி ராலிக்கு இன்னும் இரண்டு நாள். அணிகளின் வண்டிகள் நிற்கும் திடலில் ஹோகனை நான்கு மாதங்களுக்குப் பின் நேருக்கு நேர் பார்த்தேன். இளைத்திருக்கிறான். கையுறையைக் கழற்றிக் கை நீட்டினான். கொடுத்தேன்.

"கோடெல்லாம் பழைய மாதிரியேதானே?" என்றான்.

"ஆமாம். ஒன்று என்றால் பளபளப்பு. இரண்டு என்றால் கெட்டி ஐஸ். மூன்று என்றால் ஐஸின் மேல் தண்ணீர்."

"மூணுன்னா டயர்ல பதிச்ச ஆணிகூடப் பிடிக்காது."

"மூன்று என்றால் எதுவும் பிடிக்காது."

தலையசைத்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்குள் மிச்சமிருந்தது இவ்வளவுதான்: ஒன்று, இரண்டு, மூன்று. நன்றாகவே இருந்தது. தெளிவாக இருந்தது.

நார்வேக்காரன் சின்ட்ரேயைவிட ஹோகன் நான்கு புள்ளிகள் முன்னிலை. சின்ட்ரேக்கு முன்னால் முடித்தால் பட்டம். பின்னால் முடித்தால் இல்லை.

மார்ச் 9

எழுதுகிறேன். வரிசையாக.

காலை 6.10. காற்று மைனஸ் நான்கு, வானம் தெளிவு. நேற்றுப் பகலில் உருகி ஓடிய நீர் வளைவுகளில் உறைந்து கிடந்தது. முதல் கட்டத்தில் ஒன்பதாம் கிலோமீட்டர், மர அறுவை ஆலையைத் தாண்டியதும் வழிக்குறிப்பில் 'வலது நான்கு' என்னும் மிதமான வளைவு. ஐஸ் பளபளத்தது. கெட்டியா, மெல்லிய தோலா என்பதில் ஐயம். ஒரு கோடு போட்டேன்.

மூன்று கிலோமீட்டர் போனபின் கை நின்றது. ஏன் ஒன்று? ஐயம் இருந்ததே, ஏன் இரண்டு போடவில்லை? கண் சொன்னதால் ஒன்றா, அல்லது வேறு ஏதாவது சொன்னதா?

"திரும்பு," என்றேன்.

குன்வோர் என்னைப் பார்த்தாள். "எதிர்த்திசையில போகக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னாச்சு?"

"ஆலை வளைவு. ஒரு கோடு குறைவோ என்று தோன்றுகிறது."

"நானும்தான் பார்த்தேன். ஒண்ணு சரிதான். விடு."

விட முடியவில்லை. அந்த வளைவின் வெளிப்புறம் பனிச்சுவர் மெல்லியது. அதன் பின்னால் அடுக்கிய மரக்கட்டைகள். மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டரில் ஒருவன் என் ஒற்றைக் கோட்டை நம்பி அங்கே நுழைவான். நவம்பரிலிருந்து நான் அவனுக்கு எதை விரும்பினேன்? தோல்வியை. அதை எனக்கு நானே மறைத்ததில்லை. ஆனால் மரக்கட்டைகளை? இல்லை. இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? அந்தக் கேள்வியோடு இரண்டாம் கட்டத்துக்குள் நுழைந்தேன்.

இரண்டாம் கட்டத்தின் நடுவில் அடுத்தடுத்து நான்கு வளைவுகள். வடக்குச் சரிவு, இருபுறமும் வயதேறிய ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள், உயரமானவை. அங்கே பத்து மணிக்கு முன் வெயில் விழாது. ஹோகன் அங்கே வருவது 8.46க்கு. ஐஸ் கெட்டியாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆணி டயர் அதைக் கடிக்கும். இரண்டு கோடு. முதலாண்டு மாணவனும் இரண்டு என்பான். சாலை உறைவதையும் உருகுவதையும் கணித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

நான்கு வளைவிலும் பச்சை மையில் மூன்று கோடு போட்டேன்.

குன்வோர் எட்டிப் பார்த்தாள். "மூணா? தண்ணி எங்கய்யா இருக்கு? என் பூனைகூட இதுல வழுக்காது."

"வெயில் வரும்."

"எங்கேருந்து? மரத்துக்குள்ளேருந்தா?"

பக்கங்களைப் படமெடுத்து மெல்கருக்கு அனுப்பினேன். கை நிதானமாகவே இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆலை வளைவில் ஹோகன் எந்தத் தடுமாற்றமும் இன்றிப் போனான். ஒரு கோடு சரிதான். இரண்டாம் கட்டத்தில் சின்ட்ரேயிடம் ஒன்பது புள்ளி நான்கு நொடி இழந்தான். மீதி ஆறு கட்டங்களில் ஐந்தை வென்று நொடி நொடியாக மீட்டான். போதவில்லை. மொத்தத்தில் மூன்று புள்ளி ஒன்று நொடி பின்தங்கி இரண்டாமிடம். பட்டம் நார்வேக்குப் போயிற்று.

மெல்கர் திடலில் என்னிடம் வந்தான். அவன் குற்றம் சாட்டவில்லை. அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவே. "நாலு வளைவுலயும் நான் 'மூணு கோடு'ன்னு வாசிச்சேன். நாலுலயும் முழுசா வேகத்தைக் குறைச்சாரு. நீங்க எழுதின மாதிரியேதான் செஞ்சாரு, ஸ்டாஃபன்."

திடலில் எல்லோரும் என்னோடு வானிலையைப் பற்றிப் பேசினார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. நம் ஊரில் தீர்ப்பு இப்படித்தான் வழங்கப்படும்.

மார்ச் 10

உள்ளூர்ச் செய்தித்தாளில் ஹோகன்: "ஐஸ் குறிப்பு மிகச் சரியாக இருந்தது. நான்தான் மெதுவாக ஓட்டினேன். வயதாகிறது, வேறென்ன."

இதைப் படித்தபோது எனக்குள் எழுந்தது நன்றி அல்ல. யார் கேட்டது இந்தத் தயவை?

மார்ச் 11

பழிவாங்கினேனா? இல்லை. பழிவாங்கிவிடுவேனோ என்று பயந்து, அந்தப் பயத்தை அவன் பாதையில் நான்கு இடங்களில் கொட்டினேன். விளைவில் என்ன வேறுபாடு? சின்ட்ரேயின் கோப்பையில் இந்த நுணுக்கம் பொறிக்கப்படாது.

மார்ச் 13

ஹாக்ஃபோர்ஷ் போனேன். பட்டறையில் ஹோகன் தனியாக, ஆணி தேய்ந்த டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"அந்த நாலு வளைவுக்கும் ரெண்டு கோடுதான். மூணு போட்டேன். தப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரியும்டா."

"என்ன தெரியும் உனக்கு?"

"முதல் வளைவுல பிரேக் மேல கால் வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆணி நல்லாக் கடிச்சுது. தண்ணி சொட்டுக்கூட இல்ல."

"அப்புறம் ஏன்டா அடுத்த மூணுலயும் வேகத்தைக் குறைச்சே?"

டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தான். "நீ போட்டிருந்தியே," என்றான்.

பிறகு நான்கு மாதங்களாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "அவ்வளவு நம்பினவன் ஏன் என்னை வெளியே அனுப்பினே?"

"போன வருஷம் நீ வாசிக்கறது லேட்டா வர ஆரம்பிச்சுது."

"எவ்வளவு?"

"அரை நொடி. சில இடத்துல கொஞ்சம் கூட. பாதி வளைவை நான் ஞாபகத்துலதான் ஓட்டினேன்."

"ஒரு வருஷம் முழுக்கவா? ஒரு வார்த்தை சொல்லலியேடா!"

"எப்படிச் சொல்றது? நீயே சொல்லு, எப்படிடா சொல்றது? உன் வீட்டுக்கே வந்தேன். அந்தப் பாழாப்போன மானைப் பத்தித்தான் வாய்ல வருது."

வெளியே வந்து வண்டியில் அமர்ந்தேன். சாவி துளையில் உடனே நுழையவில்லை.

அரை நொடி. அவன் அதை எனக்குத் தெரியாமல் ஓர் ஆண்டு சுமந்திருக்கிறான். நான் என்னைக் குறையற்றவன் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்திருக்கிறேன். ஏமாற்றப்பட்டவனின் கோபத்துக்காவது ஒரு மிடுக்கு உண்டு. இரக்கம் காட்டப்பட்டவனின் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? — அவன் பொய் சொல்கிறானோ? இல்லை. செப்டம்பரில் ஒருமுறை, குறிப்புப் புத்தகத்தைக் கண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். எனக்கே நினைவிருக்கிறது.

மார்ச் 15

கார் நிறுவனத்தின் போட்டிப் பிரிவுத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். நான்கு வளைவுகள், அவற்றின் வெப்பநிலை, வெயில் விழும் நேரம், போட்டிருக்க வேண்டிய கோடுகள், போட்ட கோடுகள். இறுதியில்: "இழந்த ஒன்பது நொடிகளும் ஓட்டுநருடையவை அல்ல, என்னுடையவை. தவறான குறிப்பு என்று உணர்ந்த பின்னும் அவர் அதற்குக் கட்டுப்பட்டு ஓட்டினார். அதை அவரது குறையாகக் கொள்வதா என்பதைத் தாங்கள் முடிவு செய்க."

லிஸ்பெத் படித்தாள். "இதுக்கப்புறம் உங்களை யாரும் காட்டுப் பக்கம் கூப்பிட மாட்டாங்க, தெரியுதா?"

"தெரியும்."

"கோபத்துல எழுதறீங்களா?"

யோசித்தேன். "ஆமாம்," என்றேன். "ஆனால் ஒவ்வொரு எண்ணும் சரி."

மார்ச் 29

ஹோகன் அழைத்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"யாருடா உன்னைக் கேட்டா? நான் பேப்பர்ல ஒண்ணு சொல்றேன், நீ கம்பெனிக்கு வேற எழுதறே. என்னைப் பொய்யன் ஆக்கிட்டே!"

"நீ சொன்னது பொய்தானே."

"உனக்காகச் சொன்னேன்டா, கழுதை!"

"எனக்காக எதையும் சொல்லாதே, ஹோகன். ஒரு வருஷம் சொல்லாம இருந்தே, அது போதும். இனிமே எனக்காக ஒண்ணும் வேண்டாம்."

மூச்சு வாங்குவது கேட்டது. "உன் உண்மையை வெச்சுக்கிட்டு இனி எவனாவது உன்கிட்ட ஐஸ் பார்க்கச் சொல்லுவானா?"

"மாட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

அவன் தொலைபேசியை வைத்தான்.

ஏப்ரல் 11

நிறுவனம் அவனுக்கு ஓராண்டு ஒப்பந்தம் தந்திருக்கிறது. இரண்டல்ல, ஒன்று. மெல்கர் குறுஞ்செய்தி அனுப்பினான். ஹோகன் அனுப்பவில்லை.

மே 22

கண் மருத்துவர் சொன்னார்: தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதில் குறையில்லை. அருகில் வைத்துப் படிப்பதில்தான். இரண்டு, மூன்று ஆண்டுகளாகவே இருந்திருக்கும் என்றார். புதிய கண்ணாடியின் சட்டம் கறுப்பு. எனக்குப் பொருந்தவில்லை, அணிகிறேன்.

ஆகஸ்ட் 17. எக்ஷேரட்

கோடைக்காலச் சரளைப் பாதை ராலி. குன்வோர் வற்புறுத்தி அழைத்துப் போனாள். வரும் குளிர்காலத்தில் அவளோடு ஐஸ் பார்க்க வேறொருவன் வரப்போகிறான். "எல்லாத்துக்கும் ஒரு கோடு போதும்ங்கறான், கஞ்சப்பய," என்றாள். காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்து, பார்வையாளர்களுக்கான கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். நீண்ட நேர்பாதை, ஒரு மேடு, அதைத் தாண்டியதும் ஓர் 'இடது மூன்று' வளைவு.

பக்கத்தில் ஒரு குடும்பம் தீ மூட்டி சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கமும் ஒன்றை நீட்டினார் அந்தக் குடும்பத் தலைவர். "அடுத்து வர்றது யாருங்க?"

"பிரென்வால்," என்றேன்.

"ஓ, கிழவனா! இன்னும் ஓட்டறாரா? தெரிஞ்சவரோ?"

குன்வோர் குறுக்கிட்டாள். "தெரிஞ்சவரா! இந்த மனுசன் பத்தொன்பது வருஷம் அவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு."

"அட! அப்போ அவர் ஓட்டறதை உங்களை மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்ததே இல்லை. வழிக்குறிப்பு வாசிப்பவன் பாதையைப் பார்ப்பதில்லை, ஓட்டுபவனையும் பார்ப்பதில்லை. அவன் கண் மடியிலுள்ள காகிதத்தில் இருக்கும். வளைவுகளை நான் முதுகெலும்பில் உணர்ந்திருக்கிறேன். அவன் மூச்சைக் காதில் கேட்டிருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளில் ஹோகன் பிரென்வால் கார் ஓட்டுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"இல்லை," என்றேன். அவர் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார்.

முதலில் ஒலி வந்தது. பிறகு மேட்டின் மேல் கார் எழும்பியது. காற்றில் இருக்கும்போதே மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. இறங்கியது. குறுக்கே சாய்ந்து, பின்சக்கரம் புல்லைத் தொட்டும் தொடாமலும், அந்த வளைவை முழுவதுமாக எடுத்துக்கொண்டு போயிற்று. நான்கு நொடி இருக்கும். பிறகு புழுதி.

அந்த வளைவு உட்புறம் இளகிய சரளை. நானாக இருந்தால் அங்கே 'கவனம்' என்று எழுதியிருப்பேன். மெல்கர் எழுதவில்லை போலும். வேகம் குறையவே இல்லை.

"எப்படி?" என்றாள் குன்வோர்.

சாசேஜ் கையில் ஆறிப்போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புழுதியைத் துடைத்தேன்.

"நன்றாக ஓட்டுகிறான்," என்றேன்.